எருமைப் பட்டியும் மகப்பேற்று மனையும்: சிங்கப்பூர்க் கருத்தரிப்பு ஆய்வில் கால்நடை அறிவியலின் இடம்

முன்னுரை

சிங்கப்பூரின் மகப்பேற்று மருத்துவ வரலாற்றை எழுதுவோர், கண்டாங் கெர்பாவ் என்னும் பெயருக்கு மலாய் மொழியில் எருமைப் பட்டி என்பது பொருள் என்று ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுவது வழக்கம். பட்டி இருந்த வட்டாரத்தில் மருத்துவமனை எழுந்தது தற்செயலே. ஆயினும், அங்கு வளர்ந்த கருத்தரிப்பு ஆய்வு கால்நடை இனப்பெருக்க ஆய்வுக்குப் பட்டுள்ள கடன் தற்செயலானதன்று. அக்கடனை எடுத்துக்காட்டுவதும், கால்நடை ஆய்வின் நோக்கம் எவ்விடத்தில் மனிதருக்குப் பொருந்தாது போகிறது என்பதை வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பட்டியும் மருத்துவமனையும்

19-ஆம் நூற்றாண்டில் ரோச்சோர் ஆற்றின் நீரும் புல்வெளியும் சிராங்கூன் சாலைப் பகுதியை மாட்டு வணிகத்திற்கு ஏற்ற இடமாக்கின. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் ஐ. ஆர். பெலிலியோஸ் இத்தொழிலில் முதன்மை பெற்றார். இத்தொழிலைச் சார்ந்து இந்தியத் தொழிலாளர் பலர் அங்குக் குடியேறினர். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, லெம்பு சாலை, பெலிலியோஸ் சாலை ஆகிய பெயர்கள் அக்காலத்தின் சான்றுகள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகராட்சிக் கட்டுப்பாடுகளால் மாடுகள் அகன்றன, பெயர்கள் நின்றன.

1924 அக்டோபர் 1 அன்று கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை மகப்பேற்றுக்கென இலவச மருத்துவமனையாக மாற்றப்பட்டது. 1966-இல் மட்டும் அங்கு 39,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தனர். அது கின்னஸ் நூலில் இடம்பெற்ற எண்ணிக்கை. பிறப்பைக் கட்டுப்படுத்தும் பொருட்டுக் குடும்பக் கட்டுப்பாட்டு, மக்கள்தொகை வாரியம் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். பிள்ளைப்பேற்றின் மிகுதியைக் கண்ட அம்மருத்துவமனையே, பதினேழு ஆண்டுகளுக்குப் பின், பிள்ளைப்பேறு வாய்க்காதோருக்கான ஆய்வின் களமாயிற்று.

விலங்கிலிருந்து மனிதருக்கு

அவ்வாய்வின் வேர்கள் விலங்கியலில் உள்ளன. 1890-இல் இங்கிலாந்தின் வால்டர் ஹீப், அங்கோரா முயலின் இரண்டு கருக்களை வேறோர் இன முயலின் கருக்குழாயில் வைத்தார். ஓர் ஈற்றில் பிறந்த ஆறு குட்டிகளுள் இரண்டு அங்கோரா இனத்தவை. தாய் வேறு, சுமந்தவள் வேறு என்பது முதன்முதலாக மெய்ப்பிக்கப்பட்டது. 1959-இல் எம். சி. சாங், உடலுக்கு வெளியே கருவுற்ற முட்டைகளிலிருந்து முயல் குட்டிகளைப் பெற்றார். 1978-இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையின் பிறப்புக்கு வழிவகுத்த ராபர்ட் எட்வர்ட்ஸும் வேளாண்மைப் படிப்பில் தொடங்கி, விலங்கு மரபியலில் பயிற்சி பெற்றவரே.

சிங்கப்பூரில் இலங்கைத் தமிழரான பேராசிரியர் ச. ச. ரத்தினத்தின் தலைமையில் இம்முறை கைகூடி, 1983 மே மாதத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அதுவே ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனப் போற்றப்பட்டது. எனினும், கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் 1978 அக்டோபர் 3 அன்று ஒரு குழந்தை பிறந்ததையும், 1981-இல் அவர் மறையும்வரை அது ஏற்கப்படாமல் பின்னரே ஏற்கப்பட்டதையும் நாம் மறத்தலாகாது. ‘முதல்’ என்னும் சொல்லை வரலாற்றாசிரியர் எச்சரிக்கையுடன் ஆளுதல் வேண்டும்.

ரத்தினத்தின் குழுவில் பின்னர்ச் சேர்ந்த அரிஃப் போங்சோ ஒரு கால்நடை மருத்துவர். இலங்கையில் அப்பட்டம் பெற்ற அவர், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பார்வதி பாஸ்ரூருடன் இணைந்து காளைகளின் குரோமோசோம் பிறழ்வுகளை ஆராய்ந்தார். இத்துறையின் பயன்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1964-இல் சுவீடனில், தோற்றத்தில் குறையற்ற ஓர் ஆண்பன்றியின் குரோமோசோம்களில் இடமாற்றம் இருந்தமை கண்டறியப்பட்டது. அதனோடு இணைந்த பன்றிகளின் ஈற்றில் குட்டிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஈற்றின் எண்ணிக்கை தாயைப் பொறுத்தது மட்டுமன்று என்பதும், பிறவாமற் கருவிலேயே அழிந்தவற்றின் கணக்கும் அதனுள் உண்டு என்பதும் இதனால் தெளிவாயின.

மலேசியாவில் பணியாற்றியபோது போங்சோ எருமைகளை ஆராய்ந்தார். சேற்றில் உழும் நாட்டு எருமைக்கு 48 குரோமோசோம்கள். பாலுக்கென வளர்க்கப்படும் இந்திய முரா எருமைக்கு 50. இவற்றின் கலப்பினக் கன்றுக்கு 49. இவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்கும் ஆய்வுரையை அவர் 1982-இல் ஹில்மியுடன் வெளியிட்டார். எருமையின் குரோமோசோம்களை ஆராய்ந்தவரே எருமைப் பட்டியின் பெயர் தாங்கிய மருத்துவமனையில் வேர்கொண்ட ஆய்வுக்குழுவை வந்தடைந்தார்.

1987-இல் காண்டோல்ஃபி, மூர் ஆகியோர் செம்மறியாட்டின் கருக்களைக் கருக்குழாய் உயிரணுக்களுடன் சேர்த்து வளர்த்து, அவற்றின் வளர்ச்சி மேம்படுவதைக் காட்டினர். 1989-இல் போங்சோவும் ரத்தினமும் பிறரும் மனிதக் கருக்களிலும் இத்தகைய முறையால் பயன் கண்டனர். ஐந்தாறு நாள் வளர்ந்த கருவைப் பேணும் இத்திறனே, 1994-இல் அத்தகைய கருக்களிலிருந்து மூல உயிரணுக்களைப் பிரித்தெடுக்கவும் துணைநின்றது.

எண்ணிக்கை என்னும் சிக்கல்

பண்ணையில் ஓர் ஈற்றுக்குக் குட்டிகள் மிகுதல் ஆதாயம். மனிதரிடத்தில் அதுவே இடர். இரட்டையரும் மூவரும் ஒருங்கே கருவுறும்போது குறைமாதப் பிறப்பும் எடைக்குறைவும் தாய்க்கு நேரும் தீங்கும் மிகுகின்றன. தொடக்கக் காலத்தில், ஒன்றேனும் நிலைக்கட்டும் என்று பல கருக்கள் ஒருசேர வைக்கப்பட்டன. ஆய்வகத்தில் கருவை நெடிது வளர்த்து, வலியதைத் தெரிந்தெடுக்க இயன்றபோதுதான் ஒன்றை மட்டும் வைத்தல் நடைமுறைக்கு உகந்ததாயிற்று. கால்நடை ஆய்விலிருந்து பெற்ற நுட்பம், பண்ணையின் இலக்குக்கு நேர்மாறான இலக்கிற்கு இங்குப் பயன்பட்டது.

முடிவுரை

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்கும்போது, ‘குழவி’ என்பதை யானைக்கும் ஆவுக்கும் எருமைக்கும் உரியதாக்கி, மக்களுக்கும் உரியதாக்குகிறது. ‘குட்டி’ என்பதையோ மக்களுக்கு வழங்கவில்லை. உறவை ஏற்று வேறுபாட்டையும் பேணும் இம்மரபு நம் பொருளுக்கு ஏற்றதே. சிராங்கூன் சாலையின் மாட்டு வணிகத்தைத் தொழிலாளர் வரலாறாகவும், ரத்தினம் முதலியோரின் பணியை மருத்துவ வரலாறாகவும் தனித்தனியே கற்பிக்கிறோம். இரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பித்தால், கண்டாங் கெர்பாவ் என்னும் பெயர் மாணவர்க்கு வெறும் வேடிக்கையாகத் தோன்றாது என நாம் கருதுகிறோம்.