எல்லையோரத்துப் பெற்றோரும் நுழைவுத் தேர்வும்
(ஆனேக்கல் - ஓசூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு)

பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கோடி வட்டம் ஆனேக்கல். அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. இந்த எல்லை 1956-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது போட்டது என்றே நம்மவர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பகுதி கும்பினியார் வசமாகிச் சேலம் ஜில்லாவோடு சேர்ந்தது. ஆனேக்கல் மைசூர் அரசிலேயே நின்றுவிட்டது. ஆக, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக வேறு வேறு சர்க்காருக்கு மனுப் போட்டு வருகிறார்கள். நிலவரியில் தொடங்கிய இந்த வேறுபாடு இன்று பிள்ளைகளின் காலேஜ் சீட்டில் வந்து நிற்பதைப் பற்றியே இக்கட்டுரை பேச முற்படுகிறது.

ஆனேக்கல்லில் தமிழர் என்றால் இரண்டு வகை. தோட்டக்கால் பயிர் செய்து, தர்மராயர் கோயிலில் கரகம் எடுக்கும் திகளர் பல தலைமுறைக்கு முன்பே வந்து கன்னடத்தோடு கலந்துவிட்டவர்கள். மற்றவர்கள் பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகள் வந்த பிறகு தருமபுரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். கீழே சொல்லப்போகும் சங்கடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையாருக்கே உரியவை.

தொரப்பள்ளிப் பையன்

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அது நடத்திய முதல் தேர்வு மெட்ரிகுலேஷன். பள்ளிப் படிப்பு முடிந்ததற்கு அடையாளமாகவே நாம் அதைப் பிற்பாடு கருதிவிட்டாலும், பல்கலைக்கழகத்தினுள் நுழைவதற்கு வைத்த தேர்வு என்பதே அதன் மூலப்பொருள். மைசூர் சமஸ்தானத்துப் பிள்ளைகளுக்கும் அதுதான் வாசல். பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் சென்னையோடுதான் இணைந்திருந்தது. 1916-ல் மைசூர்ப் பல்கலைக்கழகம் ஏற்படும் வரை அதே நிலைதான்.

இதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு நல்ல சான்று உண்டு. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. (இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் வரும் பள்ளி, கன்னட 'ஹள்ளி'. சமண முனிவர் உறைவிடத்தைக் குறித்துப் பிற்பாடு கல்விக்கூடத்துக்கு ஆகிவந்த 'பள்ளி' வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பி என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.) தந்தையார் அவ்வூர் மணியக்காரர். பையனுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ஓசூருக்கு வந்தது. பையன் அங்கே அரசுப் பள்ளியில் சேர்ந்தான். பிறகு அனுப்பியது சென்னைக்கு அல்ல, பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்கு. 1894-ல் பட்டம் பெற்ற பின்னரே சட்டம் படிக்கச் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். சென்னை ராஜதானியில் பிறந்து மைசூர் சமஸ்தானத்தில் காலேஜ் படித்தவரிடம் இருப்பிடச் சான்றிதழ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே தேர்வு. ஆங்கிலமும் கைப்பணமும் இருந்தால் போதும். அவை இல்லாத குடியானவன் பிள்ளைக்கு அந்த வாசல் இருந்ததே தெரியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நேர்முகம் என்னும் மாயம்

விடுதலைக்குப் பிறகு டாக்டர், எஞ்சினியர் படிப்புக்குக் கிராக்கி ஏறியது. பெங்களூரில் மருத்துவக் கல்லூரி 1955-ல் வந்தது. இடம் கொஞ்சம், கேட்பவர் அதிகம். யாருக்குக் கொடுப்பது? மார்க்கோடு நேர்முகத் தேர்வு மார்க்கையும் சேர்த்துக் கொள்வது என்று இரண்டு அரசுகளும் முடிவு செய்தன. மைசூரில் நேர்முகத்துக்கு வைத்த பங்கு 25 சதவீதம். பொது அறிவு, ஆளுமை, என்.சி.சி., விளையாட்டு என்றெல்லாம் அதற்குத் தலைப்புகள் போட்டிருந்தார்கள். சித்ரலேகா வழக்கில் 1964-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிக்கு நேர்முகத்தில் 75 மதிப்பெண் போட்ட முறையைப் பெரியகருப்பன் வழக்கில் 1970-ல் அதே நீதிமன்றம் கடுமையாகக் குறை கூறியது. விண்ணப்பதாரரைப் பல குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்ததும் செல்லாது என்றது.

அந்தக் காலத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நேர்முகத்துக்குப் பையனைத் தயார் பண்ணுவது என்றால் கோட்டு தைப்பது அல்ல, எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்பதுதான் என்பார்கள். இந்தக் கெட்ட பெயரைத் துடைக்கத்தான் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-ல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு வந்தது. இன்று நுழைவுத் தேர்வை ஏழைக்கு எதிரி என்கிறோம். அன்று அது சிபாரிசுக்கு எதிரியாக வந்தது. இதை மறந்துவிட்டால் பின்னால் நடந்தது ஒன்றும் விளங்காது.

பணம் பேசிய காலம்

கருநாடகத்தில் கதை வேறு வழியில் போயிற்று. இங்கே தனியார் கல்லூரிகள் முன்கூட்டியே பெருகின. நன்கொடையும் உடன் பெருகியது. 1984-ல் நன்கொடைத் தடைச் சட்டம் போட்டார்கள். 1989 ஜூனில் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு ஆணையும் வந்தது. அதன்படி அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், கருநாடக மாணவர்க்கு 25,000, வெளிமாநிலத்தார்க்கு 60,000. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, மூன்று விலை! நான் பாத்திர வியாபாரி. ஒரே எடைக் குடத்துக்கு மூன்று விலை சொன்னால் வாடிக்கையாளர் கடைப் பக்கமே திரும்ப மாட்டார்.

அந்த 60,000 ரூபாயை எதிர்த்துத்தான் மோகினி ஜெயின் என்ற மீரட் நகர மாணவி வழக்குத் தொடுத்தார். (பெயரைப் பார்த்து 'உங்க ஆளா?' என்று கேட்கிறார்கள். அவர் வடநாட்டவர், தமிழ்ச் சமணருக்கும் அவருக்கும் தொடர்பில்லை.) தும்கூர்க் கல்லூரி ஒன்றில் இடம் கேட்டவர் அவர். 1992 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம், நன்கொடை வாங்குவது சட்ட விரோதம், கல்வி குடிமகனின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, 1993 பிப்ரவரியில், உன்னிகிருஷ்ணன் வழக்கில் பெரிய அமர்வு அதைச் சற்றுத் திருத்தியது. தனியார் கல்லூரியில் பாதி இடம் இலவச இடம், பாதி கட்டண இடம். இரண்டுக்கும் தகுதி வரிசைதான் என்று ஒரு திட்டம் வகுத்தது. அதை நடைமுறைப்படுத்தவே கருநாடக அரசு 1994 முதல் சி.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வை நடத்தலாயிற்று. நடுத்தரக் குடும்பங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்ட காலம் அது. மெக்கானிக் மகனும் ரேங்க் வாங்கினால் முதல் வரிசைக் கல்லூரியில் போய் உட்கார முடிந்தது.

அதுவும் நீடிக்கவில்லை. 2002 அக்டோபர் 31-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினோரு நீதிபதிகள் அத்திட்டத்தை ரத்து செய்தார்கள். பிறகு 2003-ல் இஸ்லாமிக் அகாடமி, 2005-ல் இனாம்தார் என்று வரிசையாகத் தீர்ப்புகள். இடையில் தனியார் கல்லூரிகள் கூடி காமெட்-கே என்று தங்களுக்கென ஒரு தேர்வை ஏற்படுத்திக்கொண்டன. ஆகவே இங்கே ஒரு பிளஸ் டூ பிள்ளை சி.இ.டி., காமெட்-கே, அகில இந்தியத் தேர்வு என்று மூன்று நான்கு தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

எதிர்த் திசையில் இரண்டு மாநிலங்கள்

இதே காலத்தில் தமிழ்நாடு நேர் எதிராகத் திரும்பியது. நுழைவுத் தேர்வு நகரத்து டியூஷன் பிள்ளைகளுக்கே உதவுகிறது என்ற குரல் வலுத்து, 2005-லும் 2006 தொடக்கத்திலும் அதை ஒழிக்க அரசு எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பின்னர் அனந்தகிருஷ்ணன் குழுவின் அறிக்கையைக் கொண்டு 2006 டிசம்பரில் சட்டம் இயற்றி, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்து, 2007-08 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமல் போயிற்று. எஞ்சினியரிங்குக்குக் கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என 200-க்குக் கட் ஆப். அவ்வளவுதான்.

ஓசூரில் பிளஸ் டூ மார்க் மட்டும். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஆனேக்கல்லில் பி.யூ.சி. மார்க் பாதி, சி.இ.டி. மார்க் பாதி. (கொரோனாவால் 2021-ல் மட்டும் இங்கே சி.இ.டி. மார்க்கையே எடுத்துக்கொண்டார்கள்.) சி.இ.டி.யில் பாடத்துக்கு அறுபது கேள்வி, எண்பது நிமிடம். தப்புக்கு மார்க் குறைப்பது கிடையாது. நிதானமாக எழுதி மார்க் வாங்கும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் நல்லது. வேகமாக விடை பிடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பக்கம் நல்லது. பத்தாவது முடிந்த மே மாதத்தில் நம் வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் இதுதான்.

மருத்துவத்தில் மட்டும் எல்லைக்கோடு அழிந்தது. 2013-ல் ஒரு முறை நடந்து, அதே ஆண்டு ரத்தாகி, 2016-ல் உயிர்பெற்று வந்த நீட், 2017 முதல் இரண்டு மாநிலத்தையும் பிடித்துக்கொண்டது. பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 எடுத்த அரியலூர் அனிதா அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி உயிரை மாய்த்துக்கொண்டதைத் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. 2020-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது அதன் தொடர்ச்சியே. 2024-ல் நீட் குளறுபடிக்குப் பிறகு கருநாடகச் சட்டமன்றமும் அதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது. காவிரி விஷயத்தில் ஒத்துப்போகாத இரண்டு அரசுகள் இதில் ஒத்துப்போனது ஒரு வேடிக்கை.

ஏழாண்டுக் கணக்கு

இனி நமக்கு முக்கியமான இடம். கருநாடகத்தில் அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யூ.சி. வரை குறைந்தது ஏழு கல்வியாண்டு இம்மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். பத்தாவதோ பன்னிரண்டோ இங்கே எழுதித் தேறியிருக்கவும் வேண்டும் என்பதே பெரும்பாலோர்க்குப் பொருந்தும் விதி. ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தாலும் ஒன்று என்றுதான் கணக்கு. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் இங்கே சேர்ந்த பிள்ளைக்கு 6 முதல் 12 வரை சரியாக ஏழு. ஏழாம் வகுப்பில் வந்ததற்கு ஆறுதான்.

இப்படி ஒரு வருஷத்தில் தவறிய பெண்ணை எனக்குத் தெரியும். தகப்பனார் ஜிகணியில் லேத் வேலை. சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பாட்டி தனியாக இருக்கிறாள் என்று பெண்ணை ஆறாவது வரை ஊரிலேயே விட்டுவிட்டு ஏழாவதில் கூட்டி வந்தார். சி.இ.டி.க்கு விண்ணப்பிக்கும்போதுதான் விதி தெரிந்தது. 'ஒரு வருஷத்துக்கா அண்ணே?' என்று கடையில் வந்து உட்கார்ந்தவர் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. நல்லவேளை, தமிழ்நாட்டு எஞ்சினியரிங் கலந்தாய்வில் வேறு வழி இருந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்தவர்க்குப் பிறப்பிடச் சான்று தேவையில்லை. வெளியே படித்தவரும் அம்மாநிலத்தைச் சொந்தமாக உடையவர் என்று சான்று வாங்கிக் காட்டினால் சேரலாம். அவர் மூன்று தடவை ஊருக்குப் போய் தாலுகா ஆபீசில் சான்று வாங்கிவந்தார். பெண்ணுக்கு இடம் கிடைத்தது. சம்பளம் போன நாட்கள் போனதுதான். மருத்துவத்துக்கு விதி வேறு. ஒரே பிள்ளை இரண்டு மாநிலத்திலும் உரிமை கோருவது பற்றி 2017-க்குப் பிறகு பெரிய சர்ச்சையே நடந்தது. அந்த விளையாட்டு வேண்டாம்.

இன்னொன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சி.இ.டி. சேர்க்கையில் ஒன்று முதல் பத்து வரை கிராமப்புறத்தில் படித்தவர்க்கு 15 சதவீதமும், கன்னட வழியில் படித்தவர்க்கு 5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. தொழிற்பேட்டைத் தமிழரின் பிள்ளைகள் பக்கத்து ஊர் அரசுக் கன்னடப் பள்ளியில் படிப்பதை ஒரு குறையாகவே சொல்கிறார்கள். 'இங்கிலீஷ் மீடியம் போட வசதியில்லை' என்பார்கள். அந்தப் பிள்ளைகள்தாம் இந்த இரண்டுக்கும் உரியவர்கள்! ஆனால் ஆனேக்கல் டவுன் புரசபை எல்லைக்குள் பள்ளி இருந்தால் கிராமப்புறம் ஆகாது. அரை மைல் தள்ளி இருந்தால் ஆகும். இடையில் இரண்டு வருஷம் கான்வென்டுக்கு மாற்றினாலும் கன்னட வழி போச்சு. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கோ கன்னட வழி 5 சதவீதமும் இல்லை, தமிழ்நாட்டின் 7.5 சதவீதமும் இல்லை. மொழிப்பற்றுள்ள தகப்பனுக்கு இது கசப்பான செய்தி. எனக்கும் கசப்புதான், மறைக்க மனமில்லை.

இதே கசப்பு எல்லைக்கு அப்பாலும் உண்டு. தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு, கன்னடப் பிள்ளைகள் பத்தாவதில் தமிழ் எழுத வேண்டி வந்தபோது அந்தப் பெற்றோர் நீதிமன்றம் ஏறினார்கள். கருநாடகத்தின் 2015-ஆம் ஆண்டுக் கன்னடம் கற்றல் சட்டம் வந்தபோது நம்மவர் முணுமுணுத்தார்கள். நாம் அங்கே நியாயம் என்றதை இங்கே அநியாயம் என்றோம், அவர்களும் அப்படியே.

விதிகள் வருஷா வருஷம் மாறக்கூடியவை. ஆகையால் மேலே சொன்னதை அவ்வாண்டுக் கையேட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்வது அவசியம். கிராமப்புறம், கன்னட வழி இரண்டுக்கும் தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் போதாது, வட்டாரக் கல்வி அதிகாரியான பி.இ.ஓ.வின் மேலொப்பமும் வேண்டும். பிள்ளை மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று இடத்திலும் வாங்க வேண்டும். தேர்வு முடிந்த பிறகு ஆனேக்கல் பி.இ.ஓ. ஆபீசுக்குப் போனால் வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு தசரா விடுமுறையிலேயே இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்குத் தொந்தரவு இல்லை.