41 வருஷக் கோப்புகள்

1947 நவம்பர் 29. பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் ஐ.நா. தீர்மானத்தை எதிர்த்து இந்தியா வாக்களித்தது. 1950 செப்டம்பரில் இஸ்ரேலை அங்கீகரித்தோம். ஆனா முழுத் தூதரக உறவு 1992 ஜனவரியில்தான். நடுவில் 41 வருஷம்!

காரணம் கேட்டா அரபு நாடுகளின் நட்பு, எண்ணெய், காஷ்மீர், உள்நாட்டு முஸ்லிம்கள்னு ஒரு பட்டியல் சொல்வாங்க. எந்த வருஷத்தில் எது முடிவைத் தீர்மானித்தது? அதைக் கோப்புக் குறிப்புகள்தான் சொல்லணும்.

தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி வெளியுறவு அமைச்சகத்திடம் கேட்கலாம். 30 நாளில் பதில் வரணும். 20 வருஷத்துக்கு முந்தைய விஷயம்னா பெரும்பாலான விலக்குகள் செல்லாது என்கிறது பிரிவு 8(3). சந்தோஷப்படுறதுக்குள்ள அங்கேயே ஒரு கொக்கி: 8(1)(அ) காலாவதி ஆகாது. வெளிநாட்டு உறவு அதுக்குள்ளதான் வருது. அதாவது சூயஸ் நெருக்கடி சமயத்தில், 1956-ல், எழுதின குறிப்பையும் இன்னைக்கு 'உறவு பாதிக்கும்'னு மறுக்க இடமிருக்கு. எழுதினவங்க, படிச்சவங்க யாரும் பதவியில் இல்லாத காலத்திலும்! எனக்கு இது நியாயமாப் படலை.

மாற்று வழி 8(2): பொதுநலன் பெரிசுன்னா விலக்கு இருந்தாலும் கொடுக்கலாம். அதை மனுவிலேயே எழுதிடுங்க. பிரிவு 10-ஐயும் சேருங்க, மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிட்டு மீதியைத் தரச்சொல்லி.

'ஏன் தாமதம்?'னு கேட்காதீங்க. சட்டம் தர்றது ஆவணத்தை, விளக்கத்தை இல்லை. முதல் மனுவில் கோப்புகளின் எண், தலைப்பு, வருஷம் மட்டும் கேளுங்க. எவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கு, எவை அழிக்கப்பட்டிருக்குன்னும் கேளுங்க. உள்ளடக்கம் அடுத்த மனுவில்.