சேமிப்பக நிரலில் பொருளின் ஆயுளும் போட்டி நிலையும்

இயங்குதளத்தின் சேமிப்பக நிரலில் ஒரு கோப்பையோ வட்டையோ குறிக்கும் பொருளைப் பல இழைகள் ஒரே நேரத்தில் தொடும். அவை முந்திப் பிந்துவதைப் பொறுத்து விளைவு மாறினால் அது போட்டி நிலை. ஓர் இழை விடுவித்த நினைவகத்தை இன்னொன்று தொடர்ந்து பயன்படுத்தினால் அது ஆயுள் பிழை. இரண்டுக்கும், ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடும் பூட்டே போதும் என்பது பரவலான நம்பிக்கை. அது ஏன் போதாது என்பதை 1924இல் பதுளையை எட்டிய இலங்கை மலைநாட்டு ரயில் பாதையில் காணலாம். அங்கே ஒரே தண்டவாளம்தான். ஒரு பகுதிக்குள் நுழைய ரயிலுக்குத் தரப்படும் அனுமதி வில்லைதான் டேப்லட். அடுத்தடுத்த நிலையங்களின் டேப்லட் இயந்திரங்கள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு டேப்லட் வெளியே போனால், அது திரும்பும்வரை அந்தப் பகுதிக்கு மற்றொன்று வராது. வளையம் கோத்த பையில் அது ஓட்டுநரின் கைக்குப் போகும். தெமோதரையில் பதுளைப் பக்கம் கிளம்பும் ரயில் குன்றைச் சுற்றிவந்து அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. அது போய்விட்டதா என்பதற்குக் கண்ணைவிட டேப்லட்டே சாட்சி. இது பூட்டு. தண்டவாளத்தையே கழற்ற வேண்டுமென்றால் புதிய டேப்லட் கொடுப்பதை நிறுத்துவதோடு, வெளியே போனது திரும்பவும் காத்திருக்க வேண்டும். அது ஆயுள் கணக்கு.

லினக்ஸ் வட்டை அகற்றுவதும் ஏறக்குறைய இப்படித்தான்: புதிய கோரிக்கைகள் தடுக்கப்படும், உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கை பூச்சியமாகும், பிறகே நினைவகம் விடுவிக்கப்படும். (ரயில் பகுதியில் ஒன்றுக்குமேல் நுழையாது, இங்கே பல நுழையும், உவமை அவ்வளவுதான்.) திறந்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் மட்டும் போகிறது, திறந்து வைத்திருப்பவர்களில் கடைசி ஆளும் மூடும்வரை உள்ளடக்கம் இருக்கும். பூட்டைப் பொருளுக்குள்ளேயே வைத்தால் என்ன என்று கேட்கலாம். பூட்டப் போகும் இழை வந்து சேர்வதற்குள் பொருள் விடுவிக்கப்பட்டிருந்தால் பூட்டும் அதோடு போயிருக்கும். ஆகவே பொருளைத் தேடிப் பிடிக்கும் இடத்திலேயே, வெளியிலுள்ள பூட்டின் காவலில், அதைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். பூச்சியத்தைத் தொட்டதை மறுபடி கூட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய பூட்டு என்பதையும் லினக்ஸ் 1996இல் செய்து பார்த்தது. செயலிகள் பெருகப் பெருக அதன் முன் வரிசையும் நீண்டது. படிப்படியாகக் குறைத்து 2011இல்தான் அதை முழுமையாக நீக்க முடிந்தது. 2022இல் லினக்ஸுக்குள் வந்த ரஸ்ட் மொழி இந்தப் பிழைகளைத் தீர்த்துவிடாதா என்பது வலுவான மறுப்பு. அதன் பாதுகாப்பான பகுதியில், விடுவித்ததைத் தொடும் பிழையைத் தொகுப்பானே மறுத்துவிடும். ஆனால் ‘இடம் இருக்கிறதா’ என்று பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் இன்னொரு இழை புகுவது தர்க்கப் பிழை. அதை மொழி அறியாது. ஓர் இழை எண்ணிக்கையைக் குறைக்க மறந்தாலும் நிரல் தொகுக்கப்பட்டுவிடும். அகற்றும் கட்டளை மட்டும் திரும்பாத டேப்லட்டுக்காகக் காத்துக் கிடக்கும்.