குண்டுப் பையன் ஜோவும் எட்டயபுரத்துச் சோறும்

மணியாச்சி என்றதும் எல்லாருக்கும் 1911-ல் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டதுதான் ஞாபகம் வரும். எனக்கு ஸ்டேஷன் படிக்கட்டு. ஏழாம் வகுப்பில் நான் நல்ல குண்டு. ரயிலுக்கு ஓடி நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். "தின்னுட்டுத் தூங்குற சோம்பேறி" என்று சிரிப்பார்கள். நிஜமாகவே சோம்பேறித்தனம்தானா என்று இப்போதுதான் தேடிப் படித்தேன்.

நுரையீரலை ஒழுங்காக அளந்தவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர். தண்ணீரில் கவிழ்த்த பாத்திரம், அதற்குள் ஒரு குழாய். ஊதினால் பாத்திரம் எழும். எழுந்த அளவுதான் காற்று. மாலுமி, போலீஸ், மல்யுத்தக்காரர், பரம ஏழை என்று 2,000 பேருக்கு மேல் ஊத வைத்து 1846-ல் கட்டுரை வெளியிட்டார். உயரம் கூடினால் கொள்ளளவு கூடும், உடம்பு அளவு மீறிப் பெருத்தால் குறையும் என்று அப்போதே சொல்லிவிட்டார். (இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு உதவும் என்பதும் அவர் கணக்கு!)

அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1836-37-ல் டிக்கன்ஸ் தொடராக எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன். சாப்பிடுவான், வேலை நடுவிலேயே தூங்கிக் குறட்டை விடுவான். ஊரே சிரித்தது. 1956-ல் பர்வெல் என்ற அமெரிக்க மருத்துவரும் கூட்டாளிகளும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். சீட்டாட்டத்தில் ஜெயிக்கிற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனவர். எடையால் மூச்சு போதாமல் ரத்தத்தில் கரியமிலவாயு தேங்கியிருந்தது. 'பிக்விக் நோய்க்குறி' என்று பெயர் வைத்தார்கள். 120 வருஷம் நாம் சிரித்தது ஒரு நோயாளியைப் பார்த்து!

அதே 1956-ல்தான் எங்கள் பக்கத்து எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கரிசல்காட்டில் அன்றைக்குப் பிரச்சனை ஒட்டிய வயிறு. குண்டுப் பிள்ளை என்றால் 'கொழுகொழு' என்று கொண்டாட்டம்தான், கவலை எங்கே வரும்?

வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மூச்சு விட்டபின் நுரையீரலில் மிச்சம் நிற்க வேண்டிய காற்று குறைகிறது. பிள்ளைகளிடம் இன்னொரு வேடிக்கை: பலருக்கு மொத்தக் கொள்ளளவு சரியாகவோ கூடுதலாகவோகூட இருக்கும், ஆனால் அதில் முதல் ஒரு விநாடியில் வெளியேறும் பங்கு குறைவு. நுரையீரல் வளர்ந்த அளவுக்கு மூச்சுக்குழாய் அகலவில்லை என்கிறது 2017-ல் வந்த ஓர் ஆய்வு. இந்த ஒரு விநாடிக் கணக்கே 1947-ல் பிரான்சில் டிஃபனோ கொண்டுவந்தது. ஹட்சின்சன் பாத்திரம் மட்டும் இருந்தால் "பையன் நல்லாத்தான் இருக்கான்" என்று அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு யாரும் குழாய் கொடுத்து ஊதச் சொல்லவில்லை. பி.டி. பீரியடில் இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடச் சொன்னார்கள், அவ்வளவுதான்.