உருகாமல் சுழலும் பிளேட்: ஒரு தட்டுப்பாட்டின் வரலாறு

நவீன பயணிகள் விமானமொன்றின் எஞ்ஜினுக்குள் டர்பைன் பிளேட்டுகளில் வந்து மோதுகிற வாயுவின் வெப்பநிலை 1500 பாகை செல்சியசையும் தாண்டும். அந்தப் பிளேட்டுகள் செய்யப்படுகிற நிக்கல் கலப்புலோகமோ 1300, 1400 பாகை அளவிலேயே உருகத் தொடங்கிவிடும். அப்ப அது ஏன் உருகி ஒழுகுவதில்லை?

பிளேட் உள்ளே வெறுமையாக இருப்பதுதான் காரணம். கம்ப்ரசரில் இருந்து ஒரு பங்கு காற்றைப் பிரித்தெடுத்து, பிளேட்டின் அடியால் உள்ளே அனுப்புகிறார்கள். அது வளைந்த பாதைகளுக்குள்ளால் ஓடி, உலோகத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு சிறு துளைகளால் வெளியேறும். வெளியேறும்போது பிளேட்டின் மேல் மெல்லிய போர்வை மாதிரியும் படரும்.

பொறியியல் பீட நண்பர்களிடம் கேட்டால் இந்தக் கதையைச் சமன்பாட்டில் இருந்து தொடங்குவார்கள். கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு வேறொரு கேள்வி வருகிறது: இது முதலில் யாருக்கு, ஏன் தேவைப்பட்டது?

இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மனிக்குப் போக வேண்டும். அன்செல்ம் ஃபிரான்ஸ் தலைமையில் உருவான யூங்கர்ஸ் ஜூமோ 004 எஞ்ஜின்தான் மெஸ்ஸர்ஷ்மிட் 262 போர் விமானத்தை ஓட்டியது. பிரித்தானியரிடம் சூடு தாங்கும் நிக்கல் கலப்புலோகம் இருந்தது. ஜேர்மனியரிடம் நிக்கலுக்கும் குரோமியத்துக்கும் பெரும் தட்டுப்பாடு. அதனால் நிக்கல் இல்லாத மலிவான கலப்புலோகத் தகட்டை மடித்து, உள்ளீடற்ற பிளேட்டாக்கி, அதற்குள் காற்றை விட்டார்கள். அப்படிச் செய்தும் அந்த எஞ்ஜின் 10 முதல் 25 மணித்தியாலம்தான் தாங்கியது. இன்று உயர்தொழில்நுட்பம் என்று நாங்கள் வியக்கிற ஒன்று, தொடக்கத்தில் இல்லாமையைச் சமாளித்த வழி.

கதை இதோட முடியேல்லை. நோர்ட்ஹவுசன் நகருக்கு அருகே மலையைக் குடைந்து அமைத்த நிலக்கீழ்த் தொழிற்சாலையின் ஒரு பகுதியில் யூங்கர்ஸ் எஞ்ஜின்கள் செய்யப்பட்டன. அதே சுரங்கங்களில் வி-2 ஏவுகணைகளும் செய்யப்பட்டன. அந்தச் சுரங்கங்களில் வேலை வாங்கப்பட்டவர்களில் மிற்றல்பாவ்-டோரா வதைமுகாமின் கைதிகளும் இருந்தார்கள். அந்த முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்ட சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உயிர் தப்பவில்லை. ஃபிரான்ஸோ போருக்குப் பிறகு அமெரிக்கா போனார். அங்கே அவர் தலைமையில் உருவான டி53 எஞ்ஜின், வியட்நாம் போரில் பறந்த ஹியூயி ஹெலிகொப்டர்களை இயக்கியது.

போருக்குப் பிறகு எஞ்ஜின்களின் சூடு கூடக் கூட, பிளேட்டுக்குள் காற்று என்ன செய்கிறது என்று துல்லியமாக அறியவேண்டி வந்தது. சுழல்கிற பிளேட்டுக்குள் எட்டிப் பார்க்க ஏலாது. அதனால் ஆய்வுகூடங்களில் அந்தப் பாதையைப் பெரிதாக்கிச் செய்தார்கள். சுவரில் நப்தலீன் பூசிக் காற்றை ஊதினார்கள். ஓம், உடுப்பு அலுமாரிக்குள் போடுகிற பூச்சி உருண்டையில் இருக்கிற அதே நப்தலீன்தான்! எந்த இடத்தில் அது கூடுதலாக ஆவியாகிக் கரைகிறதோ, அந்த இடத்தில் வெப்பமும் கூடுதலாகக் கடத்தப்படும். சுவரில் சிறு வரம்புகள் வைத்தால் காற்று குழம்பிச் சூட்டை நல்லாக வாங்கும், ஆனால் அமுக்கம் குறையும் என்பதெல்லாம் இப்படியான பரிசோதனைகளில் அளக்கப்பட்டவை. பிளேட் சுழலும்போது கொரியோலிஸ் விசை காற்றை ஒரு பக்கச் சுவரோடு தள்ளும். மற்றச் சுவர் குளிர்ச்சி குறைந்து கிடக்கும்.

கணிப்புக்கு முதலில் தண்ணீர்க் குழாய் வலையமைப்புப் போன்ற எளிய மாதிரிகளே இருந்தன: பாதையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் அமுக்கமும் ஓட்டமும் எவ்வளவு என்று கணக்கிடுவது. 1972இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பதங்கரும் ஸ்போல்டிங்கும் வெளியிட்ட கணிப்பு முறை, முப்பரிமாண ஓட்டத்தைக் கணினியில் தீர்க்கப் பெரிய வழியைத் திறந்தது. ஆனாலும் பரிசோதனை தேவையில்லாமல் போகவில்லை. பிளேட்டின் வெப்பநிலையைக் கணிப்பதில் சுமார் 30 பாகை பிழைத்தாலே அதன் ஆயுள் பாதியாகலாம் என்பது இந்தத் துறையில் சொல்லப்படும் கணக்கு.

இந்த மாதிரிகள் ஒரு பிளேட் எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று சொல்லும். நோர்ட்ஹவுசன் சுரங்கத்துக்குள் வேலை வாங்கப்பட்ட கைதி எத்தனை நாள் தாங்கினார் என்பது அந்தக் கணக்குக்குள் வராது. அதுக்காக அறிவியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சமன்பாட்டைப் படிக்கிறவர்கள் சுரங்கத்தின் கதையையும், சுரங்கத்தின் கதையைப் படிக்கிற நாங்கள் அந்தக் காற்றின் கணக்கையும் அறிந்திருக்க வேணும். ஒன்றை மட்டும் படித்தால் இந்த வரலாறு பாதிதான் விளங்கும்.