முத்து நகரின் மூன்று தொட்டிகள்

அமெரிக்காவில் வீட்டை விற்றுவிட்டு, அடுப்பும் படுக்கையும் குளியலறையும் பொருத்திய பெரிய ஊர்தியொன்றில் ஆண்டு முழுவதும் ஊர் ஊராகத் திரிந்து வாழ்வோர் பலர் உளர். அத்தகைய ஊர்தியில் பொதுவாக மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நன்னீருக்கு, மற்றொன்று குளித்துக் கழுவிய நீருக்கு, மூன்றாவது மலசலத்துக்கு. புதிதாகக் குடியேறுவோர் படும் பாடெல்லாம் பெரும்பாலும் இம்மூன்றையும் சுற்றியதே. குழாய் கசியும், தொட்டி நிரம்பி வழியும், கழிவுக் குழாய் ஆகாத நேரத்தில் கழன்றுகொள்ளும். ஓர் ஊர்தியில் இருவர் வாழ்ந்தால் இவை பிறகு சொல்லிச் சிரிக்கும் கதைகள். இருபது, முப்பதாயிரம் பேர் திடீரென ஒரு வெறும் மணற்கரையில் வந்து குடியமர்ந்தால்?

அப்படியொரு நகரம் நம் மன்னார்க் கரையில் இருந்தது. இருந்தது என்பதைவிட, வந்து வந்து போனது என்பதே சரி.

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி எனத் தொடரும் கரைக்கு அப்பால், கடலுக்குள் முத்துச் சிப்பி விளையும் பார்கள் உள்ளன. முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். சலாபத்துறைதான் சிலாவத்துறை ஆயிற்று என்பர். சிப்பி முற்றிய ஆண்டுகளில் மட்டும், வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் எழுவதற்கு இடைப்பட்ட சில வாரங்களில் சலாபம் நடைபெறும். அதற்கென்று காட்டோரத்தில் கிடுகாலும் கம்பாலும் ஒரு நகரம் எழும். கீழக்கரை, தூத்துக்குடி, இராமேசுவரம் ஆகிய இடங்களிலிருந்து குளியாளர்கள் வருவர். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபியர் வருவர். செட்டிமாரும் சோனகரும் பம்பாய் வணிகரும் வருவர். நீதிமன்று, சிறைச்சாலை, தபால் கந்தோர், மருத்துவமனை, கடைத்தெரு எல்லாம் உண்டு. சலாபம் முடிந்ததும் நகரமும் மறையும், மறுபடி காடு.

1906-இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் பணிபுரிந்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். பிற்காலத்தில் எழுத்தாளர் வெர்ஜீனியா வூல்ஃபின் கணவராக உலகம் அறிந்தவர். தம் தன்வரலாற்றில் அவர் அந்த முகாமை விரிவாக எழுதியுள்ளார். அதில் மறக்க முடியாதவை நாற்றமும் ஈக்களும்.

அந்த நாற்றம் தொழிலோடு பிறந்தது. சிப்பியை ஒவ்வொன்றாகத் திறந்து முத்துத் தேடுவது கட்டுப்படியாகாது. எனவே கொட்டு எனப்படும் அடைப்புகளில் சிப்பிகளைக் குவித்து, ஒரு வாரத்துக்கு மேல் அழுக விடுவார்கள். புழுக்கள் சதையைத் தின்று தீர்க்கும். எஞ்சியதைக் கடல்நீர் நிரப்பிய வள்ளத்தில் இட்டு அலசினால் கனமான முத்து அடியில் தங்கும். 1905-ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் அள்ளப்பட்ட சிப்பிகள் 8 கோடிக்கும் அதிகம். அரசுக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. எட்டுக் கோடிச் சிப்பி அழுகும் இடத்தின் காற்றை வாசகர்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

ஆனால் கொல்வது அந்த நாற்றமல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ உலகம் கெட்ட காற்றே வாந்திபேதியைப் பரப்புகிறது என நம்பியது. 1854-இல் இலண்டனில் ஜோன் ஸ்னோ குடிநீரே காரணம் எனக் காட்டினார், பலர் ஏற்கவில்லை. 1884-இல் ரொபர்ட் கோக் கல்கத்தாவில் அதன் கிருமியை அடையாளங் கண்ட பிறகே விவாதம் அடங்கத் தொடங்கிற்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு மனிதன் நடந்த கொட்டில் அல்ல, தெளிந்த நீர் என நம்பிக் குடித்த கிணற்றில்தான் யமன் இருந்தான்.

மணற்கரையின் கிணறு ஒரு விசித்திரம். பொழிந்த மழை மணலுக்குள் இறங்கி, பாரங்கூடிய உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. கணக்கின் மறுபக்கம்தான் கொடியது: மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து நாற்பதடி உப்பு ஏறிவிடும். நாலு குடும்பம் பூவல் தோண்டி அள்ளிக் குடிக்கும் இடத்தில் முப்பதாயிரம் பேர் அள்ளினால் நீர் உவர்க்காமல் என்ன செய்யும்? அதே மணலில்தான் அத்தனை பேரின் மலமும் இறங்குகிறது. மணல் நீரை விரைந்து கடத்தும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே தூரம் ஒன்றே காவல். கிடுகுக் குடில் நெருக்கத்தில் அந்தத் தூரம் எங்கே கிடைக்கும்? ஒரு சிப்பிகூடத் தவறாமல் எண்ணி ஏலம் விடத் தெரிந்த நிர்வாகத்துக்கு, முகாமில் வாந்திபேதி புகுந்துவிடுமோ என்ற அச்சம் மட்டும் தீர்ந்ததேயில்லை. கிருமிக்கு ஏலமும் கிடையாது, பங்கும் கிடையாது.

ஆகவேதான் இந்த நகரங்கள் ஆற்றை ஒட்டி எழுந்தன. மறிச்சுக்கட்டிக்கு மோதரகம் ஆறு; அரிப்புக்கு அருவியாறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் அருவியாறு அநுராதபுரத்தைத் தொட்டு வருவது. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1679-இல் தப்பியபோது இந்த ஆற்றைப் பின்பற்றியே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். சலாபத்தைப் பார்வையிடத் தேசாதிபதி நோர்த் கட்டிய மாளிகையும் அரிப்பில்தான். அல்லிராணிக் கோட்டை என ஊர்மக்கள் அழைக்கும் அதன் சிதைவைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது.

1906-இல் அரசு இருபது ஆண்டுக் குத்தகையாகச் சலாபத்தை ஒரு கம்பனிக்கு அளித்தது. அடுத்த ஆண்டோடு சிப்பி அற்றுப்போயிற்று, கம்பனியும் கலைந்தது. 1925-இல் மீண்டும் ஒரு சலாபம் நடந்தது. முத்து நகரத்தின் கதை அவ்வளவோடு ஏறக்குறைய முடிந்தது.

அருவியாற்றின் கதை முடியவில்லை. 2009-இல் வன்னிப் போரிலிருந்து உயிர் தப்பி வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களுள் மிகப் பெரும்பாலோர், செட்டிகுளத்தில் மெனிக் பாம் எனும் முகாமில் அடைக்கப்பட்டனர். அம்முகாமுக்கு நீர் தந்ததும் இதே ஆறுதான். முத்து நகரத்தைப் போல இதுவும் காட்டை வெட்டி எழுந்த திடீர் நகரம். மக்கள்தொகையோ அதைப்போலப் பல மடங்கு. அங்கே மக்கள் இலாபம் தேடித் தாமாக வந்தனர், சலித்தபோது போயினர். இங்கே முள்வேலி. தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் வரிசை. 2009 ஆகஸ்டில் பெருமழை பெய்தபோது கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மலக்குழிகள் நிரம்பி வழிந்து அவ்வெள்ளத்தோடு கலந்தன. போவதற்கு இடமில்லாதவர்கள் அந்த நீரில்தான் நின்றனர். மறிச்சுக்கட்டியின் அதிகாரிகள் 1906-இல் அஞ்சியது, கிருமியியல் நூற்றாண்டு கண்டுவிட்ட பிறகு, உலக நிறுவனங்கள் பல வந்து நின்ற இடத்தில் நிகழ்ந்தது. அறியாமையை இதற்குக் காரணமாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஓர் ஆற்றங்கரையில் இத்தனை இலட்சம் பேரை அடைத்தால் மழைக்காலத்தில் என்ன ஆகும் என்பது ஒரு கிராமத்து விதானையாருக்கும் தெரியும். முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது.

மன்னார்த் தீவின் மணலில் இன்றும் நன்னீர் அப்படித்தான் மிதக்கிறது. 2008-இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் மன்னார், வவுனியா, புத்தளம், சிலாபம் ஆகிய நகரங்களுக்கென ஒரு நீர்வழங்கல், துப்புரவுத் திட்டம் வகுக்கப்பட்டது. மன்னாருக்கான நீரை முருங்கன் பக்கத்து நிலத்தடியிலிருந்து எடுத்துக் குழாய்வழி தீவுக்குக் கொண்டுவர ஏற்பாடாயிற்று. குழாய் வந்த வீடுகளிலும் கிணறு தூர்க்கப்படவில்லை. குழாயில் நீர் வராத நாளில் வாளி மீண்டும் கிணற்றுக்குள்தான் இறங்கும்.