மத்தியதரைக் கடலில் புறப்பட்ட பனி

தை மாதம் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சம்பா நெல் வந்து குவியும். அந்த நெல்லை விளைவித்த மழை வங்காள விரிகுடா தந்தது. அதே நாட்களில் மத்தியதரைக் கடல் பக்கம் உருவான இன்னொரு மேகக்கூட்டம் ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் கடந்து இமயமலைக்கு வந்துகொண்டிருக்கும். வானிலைத் துறையினர் இதை மேற்கத்திய இடையூறு என்பார்கள். அது கொட்டும் பனி தமிழ்நாட்டு வீடுகளிலும் சாவு விழச் செய்திருக்கிறது. அதனால் அதன் பயணத்தை நாமும் அறிந்திருக்க வேண்டும்.

மலையில் மோதி மேலேறும் மேகம் குளிர்ந்து, ஈரம் அறுகோணப் படிகங்களாகிக் கீழே விழுகிறது. விழுந்த பிறகும் அந்தப் படிகம் மாறிக்கொண்டே இருக்கும். தரையை ஒட்டிய பனி ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும். மேற்பரப்போ இரவில் கடுமையாகக் குளிரும். இந்த வேறுபாட்டால் அடிப்பனியிலிருந்து நீராவி மேல்நோக்கி நகர்கிறது. நகரும் வழியில் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாத, முனை கூரான பெரிய மணிகளாகின்றன. பனி குறைவாகவும் குளிர் அதிகமாகவும் இருக்கும் லடாக் போன்ற இடங்களில் இந்தப் பலவீனமான அடுக்கு எளிதில் உருவாகும்.

அடுத்த மேகக்கூட்டம் வந்து அதன்மேல் புதுப்பனியைப் போடுகிறது. காற்று ஒரு பக்கச் சரிவிலிருந்து பனியை வாரி மறுபக்கச் சரிவில் கொட்டி இறுக்குகிறது. மேலே கெட்டியான பலகை, கீழே பிடிப்பற்ற மணிகள். சாய்வான களத்தில் உதிரி நெல்லைப் பரப்பி, அதன்மேல் மூட்டைகளை அடுக்கி வைத்தால் எப்படி நிற்குமோ அப்படித்தான் அந்தப் பலகை நிற்கிறது. சாய்வு 30 முதல் 45 பாகை வரை உள்ள இடங்களில் ஆபத்து மிக அதிகம். அதைவிடச் செங்குத்தான சரிவில் பனி அவ்வப்போது உதிர்ந்துவிடும், அதிகம் சேராது.

ஒரு மனிதன் அதன்மேல் கால் வைக்கிறான். அடியடுக்கு நொறுங்க, அந்த நொறுங்கல் சரிவெங்கும் நொடியில் பரவுகிறது. பலகை விரிசல் விட்டு, மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும் வேகத்தில் பனிச்சரிவாக இறங்குகிறது. மேலைநாடுகளில் பனிமலைக்குப் பொழுதுபோக்காகச் சென்று பனிச்சரிவில் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், அதைக் கிளப்பியது அவர்களோ அவர்களோடு போனவர்களோதான். நின்றவுடன் அந்தப் பனி இறுகிவிடும். புதைந்தவரால் கையைக்கூட அசைக்க முடியாது. 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் மூச்சுத்திணறிப் பெரும்பாலோர் இறந்துவிடுகிறார்கள்.

சரியாமல் தங்கும் பனிக்கு வேறு வாழ்க்கை. ஆண்டுக்காண்டு மேலே பாரம் ஏற, காற்று வெளியேறி, நீலம் பாய்ந்த கெட்டிப் பனிக்கட்டியாகி, பனியாறாக மெல்ல நகர்கிறது. 70 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சியாச்சின் அப்படி உருவானதுதான். 2016 பிப்ரவரி 3 அதிகாலை, அங்கே சுமார் 19,600 அடி உயரத்தில் உள்ள சோனம் ராணுவ நிலையின்மேல் பிரம்மாண்டமான பனிச்சுவர் இடிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியன் வீரர்கள் பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள்.

மோப்ப நாய்களும் ரேடாரும் வழிகாட்ட, பாறைபோல் இறுகிய கட்டிகளை வெட்டி வெட்டித் தேடினார்கள். ஆறாம் நாள், சுமார் 25 அடி ஆழத்தில் கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் இறந்தார். பத்துப் பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. சியாச்சினில் எதிரியின் குண்டைவிடக் குளிரும் உயரமும் பனிச்சரிவுமே அதிக வீரர்களைக் கொன்றிருக்கின்றன.

கோடை வந்ததும் அந்தப் பனியின் ஒரு பங்கு உருகி நுப்ரா ஆறாகி, ஷியோக்கில் கலந்து, சிந்துவாகி அரபிக்கடலில் சேர்கிறது. போகும் வழியில் கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுவதும் அதே பனிதான். ஆகவே பனியைப் பழிப்பதில் பொருளில்லை. அதன் போக்கைப் படிக்க வேண்டும்.

படிக்கும் அறிவு நம் நாட்டில் இருக்கிறது. 1969இல் மணாலியில் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் பணியை, 2020 முதல் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பின்கீழ் உள்ள டிஜிஆர்இ என்ற நிறுவனம் தொடர்கிறது. குளிர்காலத்தில் மாவட்டவாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணா அருகே சாலைப் பணியாளர் முகாம் புதைந்து எட்டுப் பேர் இறந்தார்கள். 46 பேர் மீட்கப்பட்டார்கள். அந்த மாவட்டத்துக்கு முந்தைய நாளே எச்சரிக்கை வந்திருந்தது. எச்சரிக்கை கடைசி மனிதன்வரை போய்ச் சேர்ந்து, அவன் இடம்பெயர வழியும் இருந்தால்தான் அதற்குப் பயன்.

இன்று விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து இளைஞர்களும் குளிர்கால மலையேற்றத்துக்கு உத்தராகண்டும் இமாச்சலமும் போகிறார்கள். செஞ்சிக்கோட்டையின் ராஜகிரியில் ஏறிப் பழகிய கால்கள் அங்கே தளராது. ஆனால் ராஜகிரிப் பாறை நேற்றுப்போலவே இன்றும் இருக்கும்; பனிமலையோ ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் வேறு மலை. நேற்று ஒருவர் நடந்த தடம் இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது.

புறப்படும் முன் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். பெரும்பனி கொட்டி ஓய்ந்த முதல் இரண்டு நாள் செங்குத்துச் சரிவுகளுக்குக் கீழேகூடப் போகாதீர்கள். கடக்கவேண்டி வந்தால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கடந்து செல்லுங்கள். ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் 457 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்கட்டும். இவற்றைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாத அமைப்பாளரோடு போகாதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும், திரும்பி வாருங்கள்.